என் துடிப்பின் செக்ரோல்: கைக்கடிகாரம், மார்புப் பட்டை, ஹோல்ட்டர் மூன்றிலிருந்தும் நம் கணக்கை நாமே எடுப்பது எப்படி

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. விடியற்காலை ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் எடுத்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு யாராவது ஆபீஸ் சன்னலுக்கு வருவார்கள். "கிராணி, 14-ஆந்தேதி நான் வேலைக்கு வந்தேனே, பேர் விழலையே?" நான் புத்தகத்தைத் திருப்பி, அவர் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக் காட்டுவேன். பாதி நேரம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். புத்தகம் தோட்டத்துடையது, வரி அவருடையது. காட்டமாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் எனக்கு அடிக்கடி தலை சுற்றியது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நெஞ்சில் ஹோல்ட்டர் என்ற, துடிப்பை நாள் முழுக்கப் பதியும் கருவியை ஒட்டி, 24 மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். கழற்றிக் கொடுத்து ஒரு வாரம் ஆனபிறகு ஒரே ஒரு தாள் கைக்கு வந்தது. நிமிடத் துடிப்பு குறைந்தது 47, கூடியது 131, சராசரி 72, 'சில கூடுதல் துடிப்புகள்'. சராசரி 72 என்றால் ஒரு நாளைக்கு 103,680 துடிப்பு. அத்தனையும் அந்த நாலு வரிக்குள் அடங்கிவிட்டது.

கருவி போட்டிருந்த அன்று மதியம் 3.10-க்கு, வீட்டுக்குப் பின்னால் மெஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, தலை சுற்றி வேலியைப் பிடித்துக்கொண்டேன். நேரத்தைக் கையோடு எழுதியும் வைத்தேன், பழக்கதோஷம். "3.10-க்கு என்ன இருந்தது?" என்று கவுண்டரில் கேட்டேன். அந்தப் பெண் பண்பாகத்தான் சொன்னாள்: "ரிப்போர்ட் இவ்ளோதான் அங்கிள்."

சம்பளச் சீட்டைக் கொடுத்துவிட்டு செக்ரோலை மூடி வைத்துக்கொண்டார்கள். அந்த வரியைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி எனக்குப் பிழைப்பு இல்லை. எக்செல் மட்டும் கொஞ்சம் வரும்.

எடுப்பதற்கு முன்னால், எந்தக் கணக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரப்பர் பால்வெட்டில் மரத்து மங்கில் (கிண்ணத்தில்) விழுவது ஒன்று, வாளியில் சேர்வது ஒன்று, ஸ்டோரில் நிறுத்துப் போடுவது ஒன்று, சம்பளச் சீட்டில் வருவது ஒன்று. இதயக் கணக்கும் அப்படித்தான். அடியில் இருப்பது மூலச் சமிக்ஞை, அதாவது ஈசிஜி கோடு அல்லது கடிகாரத்தின் பச்சை விளக்கு தோலுக்குள் பார்க்கும் இரத்த அலை. அதற்கு மேலே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி, ஆர்ஆர் என்பார்கள். அதற்கும் மேலே நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண். உச்சியில் அன்றைய சுருக்கம். கடிகாரத்தின் ஆப் உங்களுக்குக் காட்டுவது பெரும்பாலும் உச்சியில் உள்ள இரண்டை மட்டுமே. மணிக்கட்டுக் கடிகாரத்திலிருந்து இறக்கும்போது பெரும்பாலும் நிமிடத் துடிப்புதான் வரும். இடைவெளி வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் நல்லது.

முதலில் கடிகாரம். ஹோல்ட்டர் போட்ட அன்றும் என் கையில் மகள் வாங்கித் தந்த ஃபிட்பிட் இருந்தது. ஃபிட்பிட் இப்போது கூகுளுடையது, அதனால் கணக்கை கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்க வேண்டும். மடிக்கணினியில் டேக்அவுட் பக்கத்தைத் திறந்ததும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடப் படமும் சேர்ந்து இறங்கும். ஃபிட்பிட்டுக்கு மட்டும் டிக் போட்டு, 'ஒருமுறை ஏற்றுமதி', 'ஸிப்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். இறக்குவதற்கான இணைப்பு மின்னஞ்சலில் வரும். ஒரு வாரம் போல்தான் அது உயிரோடு இருக்கும், வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

ஸிப்பைப் பிரித்தால் 'குளோபல் எக்ஸ்போர்ட் டேட்டா' என்ற அடைவு இருக்கும். அதற்குள் 'ஹார்ட் ரேட்' என்று தொடங்கி, பின்னால் தேதி போட்ட கோப்புகள், நாளுக்கு ஒன்றாக; ஜேசன் என்பது அந்தக் கோப்பு வகையின் பேர். எக்செல்லில் 'டேட்டா' பட்டியலுக்குப் போய் 'ஜேசனிலிருந்து எடு' என்று கொடுத்தால் மூன்று பத்தியாக விரியும். நேரம், துடிப்பு, 'கான்ஃபிடென்ஸ்'. ஐந்து முதல் பதினைந்து விநாடிக்கு ஒரு வரி. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஆபீஸ் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நேராக 15.10-க்குப் போனேன். 54, 53, 54. வெயிலில் மெஷினைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு 54-ஆ? இரவு முழுக்க அதே நினைப்பு. காலையில் மனைவி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "தூங்குற ஆளோட கணக்கு மாதிரில்ல இருக்கு."

தூங்குகிற ஆளின் கணக்கேதான். அந்தக் கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம், நம் நேரம் அதைவிட 8 மணி கூட. கோப்பின் 15.10 நமக்கு இரவு 11.10. என் மதியம் 3.10 அங்கே காலை 7.10 என்று கிடந்தது. காலை 8 மணிக்கு முந்திய நம் நேரமெல்லாம் அங்கே முந்தின தேதியில் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் பக்கத்துப் பத்தியில் நேரத்தோடு 8/24-ஐக் கூட்டினால் சரியாகிவிடும். இன்னொரு குழி தேதி எழுதும் முறை. அமெரிக்கர் வழக்கப்படி மாதம் முன்னால், நாள் பின்னால். 03/07 என்றிருந்தால் மார்ச் 7, ஜூலை 3 இல்லை.

7.10-க்கு வந்தேன். 118, 121, 93, 140. மூன்றாவது பத்தியில் எல்லாம் 0. 'கான்ஃபிடென்ஸ்' 0 முதல் 3 வரை போகும். இந்த எண்ணைக் கருவியே எவ்வளவு நம்புகிறது என்பதற்கான அளவு அது. பால் ஸ்டோரில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போமே, அந்த வேலை. வாளி நிறைய இருப்பதைப் பார்த்துப் பேர் போட முடியுமா? புல்வெட்டும் மெஷினை இறுக்கிப் பிடித்த கை, அதிர்வு, வியர்வையில் வழுக்கும் பட்டை எல்லாம் சேர்ந்தால் பச்சை விளக்குக்கு ஒன்றும் தெரியாது. படியில் போய் உட்கார்ந்த பிறகு, 3.14-க்கு, 96 என்று இருந்தது, கான்ஃபிடென்ஸ் 3. ஆகவே கடிகாரத்தை வைத்து என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நான் 0 உள்ள வரிகளுக்குச் சாம்பல் நிறம் அடித்துவிடுவேன். அழிப்பதில்லை, செக்ரோலில் ரப்பர் போட்டு அழிக்கக்கூடாது என்று பழகிய கை.

மற்ற கடிகாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் ஆப்பிள் வாட்ச். ஐபோனில் 'ஹெல்த்' ஆப்பைத் திறந்து, மேல் மூலையில் தன் படத்தைத் தட்டி, கீழே போய் 'எல்லா ஹெல்த் டேட்டாவையும் ஏற்றுமதி செய்' என்று கொடுத்தார். ஒரே ஒரு பிரம்மாண்டமான எக்ஸ்எம்எல் கோப்பு வந்தது. அதைப் போனில் திறக்கப் பார்க்காதீர்கள், கணினிக்கு அனுப்பிவிடுங்கள். நேரத்துக்குப் பின்னால் +0800 என்று போட்டிருப்பதால் குழப்பம் இல்லை. கடிகாரத்தில் விரல் வைத்து ஈசிஜி எடுத்திருந்தால் அது தனி அடைவில் சிஎஸ்வியாக, அதாவது எக்செல்லில் திறக்கும் அட்டவணைக் கோப்பாக, இருக்கும். 30 விநாடிக்கு ஏறக்குறைய 15,000 வரி, மூலச் சமிக்ஞையே கிடைக்கிறது. டாக்டருக்குக் காட்ட அதே ஆப்பிலிருந்து வரும் பிடிஎஃப் போதும்.

சாம்சங் என்றால் சாம்சங் ஹெல்த்தின் செட்டிங்ஸில் 'தனிப்பட்ட தரவை இறக்கு' என்று இருக்கிறது, சிஎஸ்வி கோப்புகளாக வரும். கார்மின் என்றால் இணையத்தில் கணக்கு மேலாண்மைப் பக்கம், 'உங்கள் தரவை ஏற்றுமதி செய்'. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கும் மலிவுப் பட்டைகள்தான் தொல்லை. சியாவ்மி, அமேஸ்ஃபிட் போன்ற பல பட்டைகளுக்கு ஆண்ட்ராய்டில் 'கேட்ஜெட்பிரிட்ஜ்' என்ற இலவச ஆப் இருக்கிறது. எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கிடங்கிலிருந்து இறக்கலாம். அது கணக்கை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பாமல் உங்கள் போனிலேயே ஒரு தரவுத்தளமாக வைக்கும். ஆனால் புதிய பட்டைகளுக்கு முதலில் கம்பெனி ஆப்பில் இணைத்து, அதிலிருந்து ஒரு சாவி எண்ணை எடுக்க வேண்டும். பட்டையை ரீசெட் செய்தால் சாவி மாறிவிடும். போன் கடைத் தம்பியிடம் கொடுத்துச் செய்துகொள்வது உத்தமம், நானே அதில் இரண்டு மாலை தோற்றேன்.

இனி எனக்குப் பிடித்த இடம், மார்புப் பட்டை. 'சில கூடுதல் துடிப்புகள்' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்ததால் போலார் எச்10 ஒன்று வாங்கினேன். போலார், பின்லாந்துக் கம்பெனி. 1982-லேயே கம்பியில்லாத துடிப்புமானியை விற்றவர்கள். இது விளக்கை வைத்துப் பார்ப்பதில்லை, இதயத்தின் மின்சாரத்தையே தோலில் பிடிக்கிறது. பட்டையின் உள்பக்க ரப்பர்ப் பகுதியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு நெஞ்சுக்குக் கீழே இறுக்கமாகக் கட்டுங்கள். காய்ந்த பட்டை கண்டபடி உளறும்.

இந்தப் பட்டை புளூடூத்தில் பேசுவது பொது மொழி. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே இலக்கணம், எந்தக் கம்பெனியிலும் கணக்கு திறக்காமலேயே கேட்கலாம். நோர்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் கொடுக்கும் 'என்ஆர்எஃப் கனெக்ட்' ஆப்பை இலவசமாக இறக்கி, 'ஸ்கேன்' தட்டினால் பட்டையின் பெயர் வரும். 'கனெக்ட்' தட்டி, 'ஹார்ட் ரேட்' என்ற சேவையைத் திறந்து, 'ஹார்ட் ரேட் மெஷர்மென்ட்' பக்கத்தில் உள்ள கீழ்நோக்கிய அம்புகளைத் தட்டுங்கள். எண்கள் ஓடத் தொடங்கும். பெயர் வரவில்லையென்றால் வேறொரு ஆப் பட்டையைப் பிடித்து வைத்திருக்கும். எச்10 ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பை ஏற்கும், பல பட்டைகள் ஒன்றைத்தான் ஏற்கும்.

திரையில் ஆப்பே பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் 'லாக்' பக்கத்தில் மூல எண் கிடக்கும், அதை ஒருமுறையாவது கையால் பிரித்துப் பாருங்கள். எனக்கு வந்த ஒரு வரி:

10-48-55-03

இவை பதினாறின் அடுக்கில் எழுதிய எண்கள். முதல் 10, இந்த வரியில் என்னென்ன இருக்கிறது என்ற குறிப்பு; இங்கே இடைவெளியும் இருக்கிறது என்று பொருள். அது 00 ஆக இருந்தால் துடிப்பு எண் மட்டும்தான். சில பட்டைகளில் 16 என்று வரும், இடைவெளி இருக்கிறது, தோலிலும் நன்றாகப் படுகிறது என்று அர்த்தம். 14 வந்தால் தோலில் படவில்லை, திரும்ப நனைத்துக் கட்டுங்கள். இரண்டாவது 48: நாலு பதினாறு 64, கூட்டு 8, ஆக 72. அதுதான் நிமிடத் துடிப்பு. கடைசி இரண்டையும் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 03 என்பது மூன்று 256, அதாவது 768. 55 என்பது ஐந்து பதினாறு 80, கூட்டு 5, ஆக 85. மொத்தம் 853. இந்த இடைவெளி விநாடியில் 1024-இல் ஒரு பங்காக எண்ணப்படுகிறது. 853-ஐ 1024-ஆல் வகுத்தால் 0.833 விநாடி. 60-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 72. கணக்கு நேரானது. அரை மணி நேரம் மனைவியை உட்காரவைத்து இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாதம் ஆறிடுச்சு" என்றாள்.

இடைவெளி எதற்கு? ஒரு ராத்திரி பட்டையோடு படுத்தேன். லாக்கைக் கோப்பாகப் பகிர்ந்து எக்செல்லில் போட்டால் ஓர் இடத்தில் 0.83, 0.52, 1.15, 0.83 என்று வந்தது. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அடுத்தது அதற்குப் பிராயச்சித்தம் போலத் தாமதித்திருக்கிறது. 0.52-ஐயும் 1.15-ஐயும் கூட்டினால் 1.67, சரியாக இரண்டு துடிப்பின் நேரம். நிமிடக் கணக்கில் 72 அப்படியே 72. ஆள் மாறி வந்தாலும் பெரட்டில் தலைக்கணக்கு சரியாக இருக்குமே, அது போல. ஆனால் இதைப் பார்த்து நாமே நோய்க்குப் பேர் வைக்கக்கூடாது. பட்டை நழுவினாலும் இதே மாதிரி ஒரு குட்டை, ஒரு நெட்டை வரும். ஈசிஜி கோட்டைப் பார்த்தால்தான் எது எது என்று சொல்ல முடியும்.

அந்தக் கோடு ஹோல்ட்டரில் இருக்கிறது. ஹோல்ட்டர் என்பது ஆளின் பேர், அமெரிக்காவில் மொன்டானாக்காரர் நார்மன் ஹோல்ட்டர். 1940-களில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டும், எடை 38 கிலோ. தோளில் காண்டா வாளி சுமந்த நம் ஆட்களை அவர் பார்த்திருந்தால் சோதனைக்கு ஆள் தேடியிருக்க வேண்டியதில்லை.

தனியார் மருத்துவ நிலையத்திடம் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. 30-ஆவது பிரிவின்படி எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாதென்றால் காரணத்தை எழுதிவிட்டு இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். உடல்நலக் கணக்கு உணர்திறன் மிக்க தரவு என்ற வகையில் சேரும். அதன் நகலுக்கு வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சம் 30 வெள்ளி (ரிங்கிட்). ஒன்று நினைவில் வையுங்கள், இந்தச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அரசு மருத்துவமனையில் எடுத்த ஹோல்ட்டர் என்றால் அங்குள்ள மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் அவர்களுடைய பாரத்தில் கேட்க வேண்டும்.

கடிதத்தை மலாயில் ஒரே பக்கத்தில் எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், கருவி பொருத்திய தேதி, கழற்றிய நேரம். பிறகு வேண்டியதை இரண்டு வரியில்: பதிவான முழுக் கோப்பு, அதோடு 'ஃபுல் டிஸ்குளோஷர்' அச்சு. இந்தச் சொல் முக்கியம், ஒவ்வொரு துடிப்பும் கோடாக வரும் அச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் அதுதான். 'என் ரிப்போர்ட் வேண்டும்' என்று எழுதினால் அதே ஒற்றைத் தாளை மறுபடி அச்சடித்துத் தருவார்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், என் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வந்தேன். 19-ஆம் நாள் தொலைபேசி வந்தது. பெண்டிரைவில் பிடிஎஃப். கவுண்டரில் அதே பெண். "இதெல்லாம் யாரும் கேட்டதே இல்ல அங்கிள்" என்றாள்.

மதியம் 3.10-ஐத் திறந்தேன். நிமிடத்துக்கு 104. கோடு கோடாக, சீராக, ஒரு விடுதலும் இல்லாமல். கூடுதல் துடிப்பெல்லாம் இரவு 2 மணிக்கு மேல், நான் தூங்கும்போது.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, மேலே 'மதியம் 3.10, தலைச்சுற்றல், புல் வெட்டும்போது' என்று எழுதி, அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரிடம் கொடுத்தேன். 200 பக்கத்தைக் கொண்டுபோயிருந்தால் புரட்டியிருக்கவே மாட்டார். பார்த்துவிட்டு அவர் இதயத்தைப் பற்றிப் பேசவில்லை. "பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்கு?" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, 2 மணிக்கு. படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். நின்றதும் நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். அதற்குப் பிறகு வேலியைப் பிடிக்கும் வேலை வரவில்லை. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் எக்செல்லைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை, பழைய சம்பள நாளன்று, கணக்கை இறக்கி இரண்டு பெண்டிரைவில் வைக்கிறேன். கடிகாரத்தை யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இறக்கம், பிறகுதான் ரீசெட். கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் தெலுக் இந்தான் சின்னம்மா வெந்தயத்தை ராத்திரியே ஊறப்போடச் சொன்னார்.